ஜிம் கார்பெட்

எட்வர்டு ஜேம்ஸ் கார்பெட் (ஜூலை 25, 1875 – ஏப்ரல் 19, 1955), பரவலாக ஜிம் கார்பெட் என அறியப்படுபவர், இந்தியாவில் பிறந்து வாழ்ந்த ஆங்கிலேய வேட்டையாளரும் எழுத்தாளரும் காட்டுயிர்ப் பாதுகாவலரும் ஆவார். இன்றைய உத்தராகண்ட் மாநிலத்தின் குமாவுன், கர்வால் மலைப்பகுதிகளில் மனிதரைத் தின்னும் பழக்கத்திற்கு ஆளான புலிகளையும் சிறுத்தைகளையும் 1907 முதல் 1938 வரை தேடிச் சென்று சுட்டவர். இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா அமையப் பாடுபட்டவர்களுள் ஒருவர். அப்பூங்கா இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

வேட்டைக்காரர்கள் பெரும்பாலும் பெருங்குழல் துப்பாக்கிகளையே நம்பியிருந்த காலத்தில், .275 ரிக்பி எனப்படும் எடை குறைந்த சிறுகுழல் ரைபிளைக் கொண்டு ஆட்கொல்லி விலங்குகளை எதிர்கொண்டவர் என்ற வகையிலும் கார்பெட் அறியப்படுகிறார். எந்த விலங்கிற்கு எந்தத் துப்பாக்கி என்னும் கேள்வி அவருக்குப் பொழுதுபோக்குச் சார்ந்ததாக இருக்கவில்லை. அவர் சுட்ட ஆட்கொல்லிகளுள் சில, பிறர் பொருத்தமற்ற துப்பாக்கியால் அரைகுறையாகச் சுட்டுக் காயப்படுத்தி விட்டுச் சென்ற விலங்குகளே.

பிறப்பும் இளமையும்

கார்பெட் நைனிதால் நகரில் பிறந்தார். தந்தை கிறிஸ்டோபர் வில்லியம் கார்பெட் அவ்வூரின் அஞ்சல் அலுவலராகப் பணியாற்றியவர். தாய் மேரி ஜேன். குடும்பம் பெரியது, வருவாய் சிறியது. கோடைக்காலத்தை நைனிதாலிலும் குளிர்காலத்தை மலையடிவாரத்தில் உள்ள காலாடுங்கியிலும் கழிப்பது அவர்களது வழக்கம். 1881-ல் தந்தை இறந்தபோது ஜிம்முக்கு ஆறு வயதும் நிறையவில்லை. மூத்த சகோதரர் டாம் குடும்பப் பொறுப்பை ஏற்றார். தமக்கை மேகி இறுதிவரை அவருடனேயே வாழ்ந்தார். இருவரும் திருமணம் செய்துகொள்ளவில்லை.

காலாடுங்கியைச் சூழ்ந்த காடே சிறுவனின் உண்மையான பள்ளிக்கூடமாயிற்று. பறவைகளின் எச்சரிக்கைக் குரல், மணலில் பதிந்த காலடித் தடம், புல் மடிந்திருக்கும் விதம் ஆகியவற்றைக் கொண்டு எந்த விலங்கு எப்போது எந்தத் திசையில் சென்றது என்று கணிக்கும் திறன் அங்குதான் வாய்த்தது.

அவரது கருவிகளும் வயதுக்கேற்ப வளர்ந்தன. முதலில் கவண், பின்னர் உண்டை வில், அதன்பின் ஒரு பழைய இரட்டைக்குழல் நாட்டுத் துப்பாக்கி. குழலின் வாய் வழியாக மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டிக்கும் வகையைச் சேர்ந்த அத்துப்பாக்கியின் ஒரு குழல் ஏற்கனவே பிளந்து போயிருந்தது. அதன் கட்டை கம்பியால் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. ஒற்றைக் குழலை மட்டுமே பயன்படுத்த இயலும், ஒரு முறை சுட்டபின் மீண்டும் கெட்டிக்க நேரம் பிடிக்கும். ஆகவே ஒரு குண்டும் வீணாகக் கூடாது என்ற கட்டாயம் சிறு வயதிலேயே ஏற்பட்டது. பிற்காலத்தில் அவரது குறி தவறாமைக்கு இந்த வறுமையும் ஒரு காரணம் எனலாம்.

நைனிதால் பள்ளி மாணவர் படையில் சேர்ந்தபோது .450 மார்ட்டினி ரைபிள் அவருக்குக் கிடைத்தது. படையின் அனுமதியுடன் விடுமுறையில் அதனைக் காட்டுக்கு எடுத்துச் சென்ற சிறுவன், தன் முதல் சிறுத்தையை அதனால் சுட்டான். தோள் கன்றிப் போகும் அளவுக்குப் பின்னோக்கி உதைக்கும் துப்பாக்கி அது. கனத்த குண்டு என்றால் என்ன, அதன் விலை என்ன என்பதை உடலால் அறிந்துகொண்ட அனுபவம் இதுவே.

இரயில்வே பணி

குடும்பச் சூழல் காரணமாக மேற்படிப்பு இயலவில்லை. பொறியாளராக வேண்டும் என்ற விருப்பத்தைக் கைவிட்டுப் பதினெட்டு வயதை ஒட்டி வங்காள வடமேற்கு இரயில்வேயில் எரிபொருள் ஆய்வாளராகச் சேர்ந்தார். இயந்திரங்களுக்கு விறகு வெட்டி அனுப்பும் வேலை அது. பின்னர் பீகாரில் கங்கைக் கரையில் உள்ள மொகாமே காட் என்னுமிடத்தில் ஒரு பாதையின் வண்டிகளிலிருந்து மற்றொரு பாதையின் வண்டிகளுக்குச் சரக்கு மாற்றும் ஒப்பந்தத்தை ஏற்று, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அப்பணியில் இருந்தார். தொழிலாளர்களுடன் சேர்ந்து தாமும் சுமை தூக்கியதையும், அவர்களுடன் கொண்ட நட்பையும் மை இந்தியா என்ற நூலில் விரிவாக எழுதியுள்ளார். அவரது புகழ்பெற்ற வேட்டைகளுள் முற்பட்டவை இப்பணியின் விடுப்பு நாட்களில் நிகழ்ந்தவை என்பது பலருக்குத் தெரியாது.

சம்பாவத் பெண்புலி

1907-ல் கார்பெட் சுட்ட சம்பாவத் பெண்புலியே அவரது முதல் ஆட்கொல்லி. நேபாளத்தில் சுமார் 200 பேரைக் கொன்று, அங்கிருந்து விரட்டப்பட்டுக் குமாவுனுக்கு வந்து, மொத்தம் 436 பேரைக் கொன்றதாக இப்புலி பற்றிக் கூறப்படுகிறது. இவ்வெண்ணிக்கையை இன்று முழுமையாகச் சரிபார்க்க இயலாது. ஆயினும் குமாவுன் மக்கள் பகலிலும் கதவைத் தாழிட்டுக்கொண்டு, விளைந்த பயிரை அறுக்கவும் அஞ்சிக் கிடந்தனர் என்பது அவரது எழுத்தில் தெளிவாகத் தெரிகிறது.

அழைப்பை ஏற்குமுன் கார்பெட் இரு நிபந்தனைகளை விதித்தார். புலியைக் கொல்வோருக்கு அறிவிக்கப்பட்டிருந்த பரிசுத்தொகை திரும்பப் பெறப்பட வேண்டும், காட்டிலிருக்கும் ஏனைய வேட்டைக்காரர்களும் படைவீரர்களும் வெளியேற வேண்டும் என்பனவே அவை. பரிசுக்காகச் சுடுபவர் என்ற பெயரை அவர் விரும்பவில்லை. பிறரது குண்டு தவறுதலாகத் தம்மேல் பாயும் வாய்ப்பையும் அவர் விரும்பவில்லை.

சம்பாவத்தில் தாசில்தாரின் உதவியுடன் சுமார் முந்நூறு கிராமத்தார் திரட்டப்பட்டு, புலியைக் கலைத்து வரச் செய்யப்பட்டது. கார்பெட்டின் கையில் இருந்தது .500 இரட்டைக்குழல் ரைபிள். தோட்டாக்கள் மூன்று மட்டுமே. இரு குழல்களுக்கு இரண்டு, அவசரத்திற்கு ஒன்று என்பது அவரது கணக்கு. மூன்றும் தீர்ந்தபின்னும் புலி உயிருடன் பாறை மேல் நின்றது. அவர் ஓடிச்சென்று தாசில்தாரின் பழைய துப்பாக்கியை வாங்கி வந்து சுட்டார். குழலுக்கும் பின்கட்டைக்கும் இடையே இடைவெளி விழுந்து, சுடுபவரின் கண்ணையே பறித்துவிடக் கூடிய நிலையில் இருந்த துப்பாக்கி அது. வாயை நோக்கிச் சுட்ட குண்டு பாதத்தில் பட்டது. நல்வாய்ப்பாக, முன்பு பட்ட காயங்களால் புலி அந்நேரத்தில் சாய்ந்து விழுந்தது.

இறந்த புலியை ஆராய்ந்தபோது வலப்பக்கத்தின் மேல், கீழ்க் கோரைப்பற்கள் இரண்டும் உடைந்திருப்பது தெரிந்தது. பல ஆண்டுகளுக்கு முன் பட்ட துப்பாக்கிக் குண்டே காரணம் என்று கார்பெட் முடிவு செய்தார். இயல்பான இரையைப் பிடிக்க இயலாமல் போனதே அது மனிதரை நாடியதன் காரணம். யாரோ ஒருவர் சரியாகக் குறிபார்க்காமல் சுட்டுவிட்டு வீடு திரும்பியதன் விலையை நானூறுக்கும் மேற்பட்ட ஏழைக் குடும்பங்கள் செலுத்தின என்றே இதனைப் புரிந்துகொள்ள வேண்டியுள்ளது.

பரிசாக வந்த ரைபிள்

ஐக்கிய மாகாணத்தின் துணைநிலை ஆளுநராக இருந்த சர் ஜான் ஹியூவெட், சம்பாவத் புலியைக் கொன்றமைக்காகக் கார்பெட்டிற்கு ஒரு ரைபிளைப் பரிசளித்தார். இலண்டனின் ஜான் ரிக்பி நிறுவனம் தயாரித்த .275 ரைபிள் அது. அதன் கட்டையில் நிகழ்வைக் குறிக்கும் வெள்ளித் தகடு பதிக்கப்பட்டிருந்தது. நைனிதாலில் நடந்த தர்பாரில் தாசில்தாருக்கும் ஒரு துப்பாக்கி வழங்கப்பட்டது. அவரது பழைய துப்பாக்கியின் நிலையைக் கருதினால் இதைவிடப் பொருத்தமான பரிசு வேறு இருந்திருக்க முடியாது.

.275 ரிக்பி என்பது, மவுசர் நிறுவனம் 1890-களின் தொடக்கத்தில் வடிவமைத்த 7×57 மி.மீ. தோட்டாவிற்கு ஆங்கிலேயர் இட்ட பெயர். துப்பாக்கிக் குழலின் உட்புறம் திருகு போன்ற காடிகள் வெட்டப்பட்டிருக்கும். குண்டைச் சுழலச் செய்து நேராகச் செலுத்துவது இக்காடிகளே. காடிகளுக்கு இடையிலான மேடுகளின் விட்டத்தை அளந்தால் 0.275 அங்குலம், அதாவது ஏறத்தாழ 7 மி.மீ. காடிகளின் அடிவரை அளந்தால் 7.2 மி.மீ. குண்டின் உண்மையான விட்டம் இரண்டாவது அளவே. ஒரே தோட்டாவிற்கு இரு பெயர்கள் வழங்குவதால் வரும் குழப்பத்திற்கு அளவை முறையே காரணம்.

இத்தோட்டா மைய வெடி வகையைச் சேர்ந்தது. தோட்டா உறையின் அடிப்பகுதியின் நடுவில் வெடிமூட்டி தனியே பொருத்தப்பட்டிருக்கும். சுடுமுள் அதைக் குத்தும்போது உள்ளிருக்கும் மருந்து பற்றும். சிறுவர் பயிற்சிக்கும் இலக்குப் பயிற்சிக்கும் பயன்படும் .22 விளிம்பு வெடித் தோட்டாவில் வெடிப்பொருள் உறையின் விளிம்பிற்குள் அடைக்கப்பட்டிருக்கும். சுடுமுள் அவ்விளிம்பை நசுக்கியாக வேண்டும் என்பதால் உறை மெல்லியதாகவே இருக்க இயலும், எனவே அதிக அழுத்தம் தாங்காது. மைய வெடித் தோட்டாவின் உறையைத் தடிப்பாகச் செய்யலாம், மிகுந்த அழுத்தத்தில் குண்டை வேகமாகச் செலுத்தலாம், சுட்டபின் புது வெடிமூட்டி பொருத்தி மீண்டும் பயன்படுத்தவும் செய்யலாம். இன்றைய மைய வெடி மூட்டிகளின் இரு முதன்மை வகைகள் ஆங்கிலேயரான எட்வர்டு பாக்சர், அமெரிக்கரான ஹிராம் பெர்டான் ஆகியோரின் பெயரால் வழங்குகின்றன. ஆங்கிலேயர் கண்டறிந்த வகை அமெரிக்காவிலும் அமெரிக்கர் கண்டறிந்த வகை ஐரோப்பாவிலும் நிலைத்தது ஒரு வேடிக்கை.

குண்டின் ஆற்றலை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். .22 விளிம்பு வெடிக் குண்டு சுமார் 2.6 கிராம் எடையுடன் 200 ஜூலுக்கும் குறைவான ஆற்றலைக் கொண்டது. .275 ரிக்பியின் 9 கிராம் குண்டு விநாடிக்கு 800 மீட்டருக்கும் சற்று மேற்பட்ட வேகத்தில் ஏறத்தாழ 3,000 ஜூல் ஆற்றலைச் சுமந்து செல்லும். கார்பெட் வைத்திருந்த மற்றொரு துப்பாக்கியான .450/400 ஜெஃப்ரி இரட்டைக்குழல் ரைபிளின் குண்டு சுமார் 26 கிராம் எடையும் 5,000 ஜூலுக்கு மேற்பட்ட ஆற்றலும் உடையது. ஆற்றல் கூடும்போது துப்பாக்கியின் எடையும் பின்னுதைப்பும் கூடும். மலைச்சரிவில் ஒரு நாளைக்கு இருபது, முப்பது கிலோமீட்டர் நடப்பவருக்கு ஒரு கிலோகிராம் வேறுபாடும் பெரிதே.

சிறுகுழல் என்ற சொல்லின் பொருள் காலத்திற்குக் காலம் மாறியுள்ளதையும் இங்குக் கருத வேண்டும். பயிரழிக்கும் சிறு விலங்குகளைத் தொலைவிலிருந்து சுடுவதற்கென .22 ஹார்னெட் போன்ற வேகமான சிறு மைய வெடித் தோட்டாக்கள் 1930-களில் அமெரிக்காவில் பரவின. இன்று சிறுகுழல் என்றால் அவையே நினைவுக்கு வரும். கார்பெட்டின் இளமைக் காலத்திலோ, .450-க்கும் .577-க்கும் பழகியிருந்த வேட்டைக்காரர்களுக்கு 7 மி.மீ. குழலே சிறுகுழலாகத் தோன்றியது. ஆப்பிரிக்காவில் டபிள்யூ. டி. எம். பெல் என்பவர் இதே .275 ரிக்பியைக் கொண்டு நூற்றுக்கணக்கான யானைகளைச் சுட்டது அக்காலத்தில் பெரும் விவாதத்தை எழுப்பியது. பெல்லின் வெற்றிக்குக் காரணம் துப்பாக்கி மட்டுமன்று. யானையின் மண்டை ஓட்டை அறுத்துப் பார்த்து மூளையின் இடத்தை அறிந்துகொண்ட பின்னரே அவர் சுட்டார். அவரைப் பார்த்து அதே துப்பாக்கியை வாங்கியவர் அனைவருக்கும் அந்த அறிவு வாய்த்திருக்கவில்லை.

இந்தியாவில் துப்பாக்கித் தேர்வைச் சட்டமும் தீர்மானித்தது. படைக்கலன்களின் தோட்டா களவு போய்க் கிளர்ச்சியாளர் கைக்குச் சேரலாம் என்ற அச்சத்தால், இராணுவம் பயன்படுத்திய குழல் அளவுகளைத் தனியார் வைத்திருப்பதை ஆங்கிலேய அரசு கட்டுப்படுத்தியது. .303 தடைக்குள் வந்தது. மார்ட்டினியின் அளவு என்பதால் .450 வேட்டைத் துப்பாக்கிகளும் இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் தடைக்குள்ளாயின. .275 அந்தப் பட்டியலில் இல்லை. இதே காரணத்தால்தான் விடுதலைக்குப் பின்னும் இந்திய அரசின் இச்சாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை பொதுமக்களுக்கென .315 என்ற தனி அளவில் ரைபிள்களைத் தயாரித்தது.

பனாரும் ருத்ரபிரயாகையும்

ரிக்பி கைக்கு வந்தபின்னும் கார்பெட் அதனை எல்லா வேலைக்கும் பயன்படுத்தவில்லை. சுமார் 400 பேரைக் கொன்றதாகக் கூறப்படும் பனார் சிறுத்தையை அவர் 1910-ல் சுட்டது பல ரவைகள் சிதறிப் பாயும் துப்பாக்கியால். கும்மிருட்டில், மிகக் குறைந்த தொலைவில் சுட வேண்டிய நிலை. குழலின் முனையில் வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டு, அதையே குறியாகக் கொண்டு சுட்டார். நுட்பமான ரைபிளின் குறிக்காட்டி கண்ணுக்கே தெரியாத இடத்தில் அந்த நுட்பத்தால் பயனில்லை.

கேதார்நாத், பத்ரிநாத் செல்லும் யாத்திரிகர்களின் வழியில் 1918 முதல் 1926 வரை எட்டு ஆண்டுகள் நடமாடிய ருத்ரபிரயாகைச் சிறுத்தை, அரசுக் கணக்கின்படி 125 பேரைக் கொன்றது. இரவில் மூடிய கதவைத் திறந்து உள்ளே புகுந்து, தூங்குபவர்களுள் ஒருவரை மட்டும் ஓசையின்றி இழுத்துச் செல்லும் அதன் திறன் மக்களிடையே அது விலங்கே அன்று என்ற நம்பிக்கையை வளர்த்தது. சயனைடு நஞ்சு வைக்கப்பட்டது, இரும்புப் பொறி வைக்கப்பட்டது, கயிறு இழுத்தால் வெடிக்கும் துப்பாக்கிப் பொறியும் அமைக்கப்பட்டது. எதுவும் பலிக்கவில்லை. 1921-ல் தொங்கு பாலம் ஒன்றில் அதனைச் சுட்ட ஓர் இராணுவ அதிகாரியின் குண்டு காலில் பட்டுச் சென்றது. அதன்பின் ஐந்து ஆண்டுகள் அச்சிறுத்தை வாழ்ந்தது.

கார்பெட்டும் அப்பகுதி நிருவாக அதிகாரி வில்லியம் இபட்சனும் மாதக்கணக்கில் அதைத் தொடர்ந்தனர். ஒரு முறை பெட்ரோமாக்ஸ் விளக்குடன் இருளில் நடந்தபோது விளக்கு பாறையில் மோதி வலை உடைந்துவிட, தீக்குச்சி வெளிச்சத்தில் வழியைத் தேட வேண்டியதாயிற்று. இறுதியில் 1926 மே 2-ஆம் நாள் குலாப்ராய் என்னுமிடத்தில், சாலையோர மாமரத்தின் மேல் அமர்ந்திருந்த கார்பெட், கீழே கட்டியிருந்த ஆட்டின் கழுத்து மணி ஒலித்ததும், ரைபிளில் பொருத்தியிருந்த மின்விளக்கை அழுத்திச் சுட்டார். ஒரே குண்டு. அக்கணமே விளக்கும் மங்கி அணைந்துவிட்டது. பட்டதா இல்லையா என்று தெரியாமல் பல மணி நேரம் அவர் மரத்திலேயே அமர்ந்திருந்தார். அங்கு மாமரமும் நினைவுக் குறியும் இன்றும் யாத்திரிகர்களுக்குக் காட்டப்படுகின்றன.

சௌகர் பெண்புலியும் தாக் பெண்புலியும்

.275 ரைபிளின் எடைக் குறைவு ஓர் உயிரைக் காத்த நிகழ்வு 1930 ஏப்ரல் 11 அன்று நடந்தது. 64 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட சௌகர் பெண்புலியைத் தேடி ஓடைப்படுகை ஒன்றில் இறங்கிய கார்பெட், வழியில் பக்கிப் பறவையின் முட்டைகள் இரண்டைக் கண்டெடுத்து இடக்கையில் ஏந்தியிருந்தார். பறவை முட்டை சேகரிப்பது அவரது வழக்கம். பெரிய பாறை ஒன்றைச் சுற்றித் திரும்பிப் பார்த்தபோது எட்டடி தொலைவில் புலி படுத்து அவரையே நோக்கிக்கொண்டிருந்தது. வேகமாக அசைந்தால் அது பாயும். இடக்கையில் முட்டை. வலக்கையில் மார்பின் குறுக்கே இருந்த ரைபிளை, ஒற்றைக் கையாலேயே, புலி அசைவை உணராத அளவுக்கு மெல்ல மெல்ல முக்கால் வட்டம் திருப்பி அவர் சுட்டார். கனத்த இரட்டைக்குழல் ரைபிளை அவ்வாறு ஒரு கையால் நீட்டிப் பிடித்திருப்பது மிகக் கடினம். பின்னர் முட்டைகளை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டார். தாய்ப்பறவை திரும்பி வந்து அடைகாத்தது.

இதற்கு முந்தைய ஆண்டு அதே வேட்டையில், இரு புலிகள் ஒன்றாக வந்தபோது, ஆட்கொல்லியான தாய்ப் புலி என்று எண்ணி அதன் வளர்ந்த குட்டியை அவர் சுட்டுவிட்டார். தாய் மேலும் ஓராண்டு மனிதரைக் கொன்றது. எத்துப்பாக்கியாலும் தீர்க்க இயலாத பிழை, எதைச் சுடுகிறோம் என்று தவறாக அறிவது.

அவரது கடைசி ஆட்கொல்லியான தாக் பெண்புலியை 1938 நவம்பர் 30 அன்று, தமது 63-ஆம் வயதில் சுட்டார். இருள் கவியும் நேரத்தில் ஆண்புலியைப் போல் குரல் கொடுத்து அதனை அருகில் வரச்செய்தார். இம்முறை கையில் இருந்தது கனத்த .450/400. சுட்டபோது அதன் உதைப்பில் பாறையிலிருந்து நிலை தவறி, கீழே ஒடுங்கி அமர்ந்திருந்த தம் ஆட்கள் மேலேயே விழுந்தார். புலி இறந்தது.

இவ்வேட்டைகளை ஒருசேர நோக்கினால் கார்பெட் எந்தவொரு துப்பாக்கியிடமும் பக்தி கொண்டவராகத் தெரியவில்லை. நடந்து தேடும்போது எடை குறைந்த ரிக்பி, நெருங்கிய புதரில் பெரிய விலங்கு பாயக்கூடுமானால் ஜெஃப்ரி, இருளில் ரவைத் துப்பாக்கி என்று இடத்திற்கேற்ப மாற்றினார். ரிக்பியின் பெயர் மட்டும் புகழ் பெற்றதற்கு அதன் பின்னுள்ள பரிசுக் கதையும், சௌகர் நிகழ்வும், நிறுவனத்தின் விளம்பரமும் காரணங்கள்.

போர்களும் கிராமமும்

முதல் உலகப் போரின்போது 1917-ல் குமாவுனில் 500 பேர் கொண்ட தொழிலாளர் படை ஒன்றைத் திரட்டிப் பிரான்சுக்கு அழைத்துச் சென்றார். ஒருவரைத் தவிர அனைவரையும் உயிருடன் ஊர் திரும்பச் செய்தார். இரண்டாம் உலகப் போரில், எழுபது வயதை நெருங்கிய நிலையில், பர்மாவுக்குச் செல்லும் வீரர்களுக்குக் காட்டில் வாழும் முறையைப் பயிற்றுவித்து லெப்டினன்ட் கர்னல் நிலை பெற்றார்.

காலாடுங்கியை ஒட்டிய சோட்டி ஹல்த்வானி என்ற கிராமத்தை 1915-ல் வாங்கிய கார்பெட், அங்குக் குடியானவர்களைக் குடியமர்த்திப் பாசன வாய்க்கால் அமைத்துக் கொடுத்தார். காட்டுப்பன்றிகளும் மான்களும் பயிரை அழித்தன. அதற்கு அவர் கண்ட முதன்மையான தீர்வு துப்பாக்கி அன்று. ஊரைச் சுற்றி ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் நீளத்திற்குக் கற்சுவர் எழுப்பினார். காவலுக்கெனக் கிராமத்தாருக்கு எளிய துப்பாக்கியும் கொடுத்தார் என்றாலும், நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் பகுதி பகுதியாக நிற்பது அச்சுவர்தான்.

வேட்டையிலிருந்து பாதுகாப்புக்கு

கார்பெட் பிறந்த 1875 முதல் 1925 வரையிலான ஐம்பது ஆண்டுகளில் பிரித்தானிய இந்தியாவில் 80,000-க்கும் மேற்பட்ட புலிகள் கொல்லப்பட்டதாக வரலாற்றாய்வாளர் மகேஷ் ரங்கராஜன் கணக்கிட்டுள்ளார். அரசு புலியையும் சிறுத்தையையும் ஓநாயையும் ஒழிக்கப்பட வேண்டிய தீங்குயிர்களாகக் கருதித் தலைக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்தது. அந்த ஒழிப்புக் கொள்கையின் காலத்தில் வளர்ந்த ஒருவர், ஆட்கொல்லி அல்லாத புலியைக் காக்க வேண்டும் என்று பேசத் தொடங்கியதே அவர் வாழ்வின் முதன்மையான திருப்பம்.

1920-களின் இறுதியில் அவர் படச்சுருள் கேமராவை வாங்கிப் புலிகளைப் படமெடுக்கத் தொடங்கினார். காட்டு அதிகாரி எஃப். டபிள்யூ. சாம்பியனின் ஒளிப்படங்கள் அவருக்குத் தூண்டுதலாயின. பள்ளிகளிலும் பொது அரங்குகளிலும் படம் காட்டிப் பேசினார். 1936-ல் ஆளுநர் மால்கம் ஹெய்லியின் பெயரில் ஹெய்லி தேசியப் பூங்கா உருவானது. விடுதலைக்குப் பின் இராம்கங்கா தேசியப் பூங்கா என்றும், கார்பெட் இறந்தபின் கார்பெட் தேசியப் பூங்கா என்றும் அது பெயர் மாற்றம் பெற்றது. 1973-ல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கப்பட்டதும் அங்கேயே.

ஆயினும் அவர் வேட்டையை அடியோடு கைவிட்டார் என்று கூறுவது மிகை. ஆட்சியாளர்களின் வேட்டை விருந்துகளை 1940-களிலும் ஏற்பாடு செய்து கொடுத்தார். வைஸ்ராய் லின்லித்கோ அவரது நண்பர். ஆங்கிலேய ஆட்சியின் மீது அவருக்கிருந்த பற்றையும், இந்திய ஏழைகளை அன்புடன் நோக்கினாலும் அவர்களது அரசியல் விருப்பத்தைப் புரிந்துகொள்ளாத தன்மையையும் பிற்கால ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியுள்ளனர்.

கென்யாவில் இறுதி ஆண்டுகள்

1944-ல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகத்தின் பம்பாய்க் கிளை வெளியிட்ட மேன்-ஈட்டர்ஸ் ஆஃப் குமாவுன் அவரை உலகறியச் செய்தது. ருத்ரபிரயாகைச் சிறுத்தை பற்றிய நூல் 1948-லும், மை இந்தியா 1952-லும், ஜங்கிள் லோர் 1953-லும், தி டெம்பிள் டைகர் 1954-லும் வந்தன.

1947 நவம்பரில் கார்பெட்டும் மேகியும் நைனிதால் வீட்டை விற்றுவிட்டுக் கென்யாவின் நியேரி நகரில் குடியேறினர். 1952 பிப்ரவரியில் அங்குள்ள மரவீட்டு விடுதியில் இளவரசி எலிசபெத் தங்கிய இரவில் கார்பெட்டும் உடனிருந்தார். அன்றிரவே மன்னர் ஆறாம் ஜார்ஜ் சாண்ட்ரிங்காமில் இறக்க, மரத்தின் மேல் இளவரசியாக ஏறியவர் அரசியாக இறங்கினார். 1955 ஏப்ரல் 19 அன்று மாரடைப்பால் கார்பெட் இறந்தார். உடல் நியேரியில் அடக்கம் செய்யப்பட்டது. மரவீட்டு விடுதி பற்றிய அவரது சிறுநூல் அதன்பின் வெளிவந்தது. மேகி 1963-ல் காலமானார். இந்தோசீனப் புலியினத்திற்கு 1968-ல் கார்பெட்டி என்ற அறிவியல் பெயர் அவர் நினைவாகச் சூட்டப்பட்டது.

தமிழகச் சூழலில்

தமிழ்நாட்டு வாசகர்கள் கார்பெட்டை அடிக்கடி கென்னத் ஆண்டர்சனுடன் (1910–1974) ஒப்பிடுவர். பெங்களூரில் வாழ்ந்த ஆண்டர்சன், ஜவளகிரி, பென்னாகரம், சேகூர் முதலிய காடுகளைப் பற்றி எழுதியவர். அவர் விரும்பிப் பயன்படுத்தியது .405 வின்செஸ்டர். சற்றேறக்குறைய 10.4 மி.மீ. விட்டமுள்ள கனத்த குண்டு, நெருங்கிய தொலைவுக்கு ஏற்றது. முட்காடும் மூங்கிலும் அடர்ந்த இடங்களில் இருபது முப்பதடியில் விலங்கைச் சந்திப்பவருக்கு அத்தேர்வு பொருந்தியது. திறந்த மலைச்சரிவுகளில் நூறு மீட்டருக்கு அப்பாலும் சுட நேர்ந்த கார்பெட்டிற்கு ரிக்பி பொருந்தியது.

1972-ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் இக்கேள்வி தனியாருடையதாக இல்லை. பயிருக்குத் தீங்கு செய்யும் உயிர்களுக்கென அச்சட்டத்தில் இருந்த ஐந்தாம் அட்டவணையில் எலி, பழந்தின்னி வௌவால் போன்றவை இருந்தன. 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அவ்வட்டவணை நீக்கப்பட்டது. எனினும் 62-ஆம் பிரிவின்படி ஒன்றிய அரசு குறிப்பிட்ட இடத்திற்கும் காலத்திற்கும் ஓர் உயிரினத்தைத் தீங்குயிராக அறிவிக்கலாம். கார்பெட்டின் உத்தராகண்டிலேயே 2016-ல் காட்டுப்பன்றி ஓராண்டுக்கு அவ்வாறு அறிவிக்கப்பட்டது. கேரளம் 2022-ல் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கு வழங்கியது.

அதே மலைத்தொடரின் இப்பக்கத்தில், தேனி மாவட்டத்தின் பண்ணைப்புரம், கோம்பை, தேவாரம் போன்ற அடிவார ஊர்களின் உழவர்களுக்கு அந்த உரிமை இல்லை. காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றியைப் பயிற்சி பெற்ற வனத்துறையினர் மட்டுமே சுடலாம், ஒன்று முதல் மூன்று கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விட வேண்டும், ஒரு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது என்று தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் அறிவித்தது. மலையை ஒட்டியே நிலமுள்ள உழவருக்கு இதனால் நேரடிப் பயன் குறைவு. மறுபுறம், நாட்டு வெடியாலும் பழைய கேப்புத் துப்பாக்கியாலும் வாய் கிழிந்து, கால் ஒடிந்து தப்பிச் செல்லும் விலங்கு என்னவாகும் என்பதற்குச் சம்பாவத் புலியின் உடைந்த பற்களே சான்று.

ரைபிளின் பின்கதை

கார்பெட்டின் .275 ரைபிள் அவரது பதிப்பாளரான ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகத்திடம் சேர்ந்து, பல ஆண்டுகள் அதன் உடைமையாக இருந்தது. .450/400 ஜெஃப்ரி ரைபிள் அமெரிக்கத் துப்பாக்கி எழுத்தாளர் எல்மர் கீத்திடம் சென்றது. 2015-ல் ரிக்பி நிறுவனம் தான் தயாரித்த .275-ஐத் தானே திரும்ப வாங்கியது. 2016-ல் அது இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டுச் சோட்டி ஹல்த்வானி மக்களுக்குக் காட்டப்பட்டது. கார்பெட்டின் குளிர்கால வீடு காலாடுங்கியில் அருங்காட்சியகமாக உள்ளது.